மியூனிக்–டப்ளின்: இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்குக் காரணம் நான் எழுதிய ஒரு வரி. இலக்கிய வரி என்று நினைத்துவிடாதீர்கள். முந்நூறு சொல் நிரம்பவில்லையே என்று எழுதிய வரி.

அப்போது நான் அடையாற்றில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஓர் இணையதளத்துக்குப் பக்கங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். ஐரோப்பாவில் ஏதாவது இரண்டு ஊர்களைக் கொடுப்பார்கள். இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று தமிழில் எழுத வேண்டும். வார்சா–மிலன், ப்ராக்–லிஸ்பன், வியன்னா–ஏதென்ஸ் என்று நூற்று நாற்பது பக்கங்கள் எழுதினேன். நான் பறந்த அதிகபட்ச தூரம் சென்னை–கோவை. அதிலும் ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லை.

மியூனிக்–டப்ளின் எழுதிய அன்று இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டாவது சொல்லிலேயே விஷயம் தீர்ந்துவிட்டது. தூரம் ஏறக்குறைய 1,380 கிலோமீட்டர். பறக்கும் நேரம் சுமார் 2 மணி 25 நிமிடம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிக்கொள்ளவும். இன்னும் எட்டுச் சொல் வேண்டும். எழுதினேன்:

"காலையில் கிளம்பினால் உறவினர்களைப் பார்த்துவிட்டு அன்று மாலையே வீடு திரும்பிவிடலாம்."

எட்டே சொல். அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனேன்.

ஏழு மாதம் கழித்து, ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மேட்சிங் சென்டரில் ரவிக்கைத் துணி எடுக்க நின்றபோது, அலமாரிக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. என் பக்கம்தான். அந்த எட்டுச் சொல்லுக்கு அடியில் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு.

"இது என்னங்க?" என்றேன்.

"அதுவாம்மா? அது எம் மவனுக்கும் மவளுக்கும் நடுவுல உள்ள தூரம்" என்றார் கடைக்காரர்.

எழுதியது நான்தான் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நீங்களும் அந்தப் பக்கம் போனால் வாயைத் திறக்க வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: "மியூனிக்கில் பனி பெய்துகொண்டிருந்தது." நான் பனி பெய்து பார்த்ததில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "வைரவனின் தனிமை அந்தச் சந்து போல நீண்டு—" வைரவனுக்குத் தனிமை கிடையாது. ரங்கநாதன் தெருப் பக்கம் தனிமை வந்தால் நிற்க இடம் இருக்காது.

மூன்றாவது: "எந்தப் புடவைக்கும் பொருத்தமான துணியை எடுத்துக் கொடுக்கிற வைரவனால் தன் இரண்டு பிள்ளைகளைப் பொருத்தி—" எழுதும்போதே கூசியது. மேட்சிங் சென்டர்காரரைப் பற்றிய கதையில் இந்த உவமையை வரவிடாமல் தடுப்பது மாம்பழத் தட்டிலிருந்து ஈயை விரட்டுகிற வேலை. மறுபடி வந்தால் நீங்களே தட்டிவிடுங்கள்.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். இதை எனக்குச் சொன்னவர் வைரவன். ஒரேயடியாகச் சொல்லவில்லை, ஒரு தடவைக்கு ஒரு மீட்டர் துணிக்கு ஆகிற அளவுதான் சொல்வார். இந்தக் கதைக்காக நான் எடுத்த ரவிக்கைத் துணிகள் பதினொன்று. என்னிடம் இருக்கும் புடவைகள் ஏழு.

3

வைரவனுக்கு அறுபத்து நான்கு வயது. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் சென்னைக்கு வந்தவர். கடையின் அகலம் ஆறடி. ரவிக்கைத் துணி, லைனிங், புடவை ஓரத்தில் தைக்கிற ஃபால்ஸ், இவ்வளவுதான் சரக்கு. வீடு மேற்கு மாம்பலம். மனைவி பெயர் செல்லக்கனி. மூத்தவள் தாரணிக்கும் அவள் கணவன் கிஷோருக்கும் டப்ளினில் கணினி வேலை. இளையவன் மகேஷுக்கு மியூனிக்கில் கார் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை.

பிள்ளைகள் எங்கே என்று யாராவது கேட்டால், "ரெண்டு பேரும் ஐரோப்பாவுல. பக்கத்துப் பக்கத்துலதான்" என்பார், ஏதோ மாம்பலத்து அயோத்தியா மண்டபத்துக்கு இந்தப்புறம் ஒருவரும் அந்தப்புறம் ஒருவரும் குடியிருப்பது போல.

பக்கத்துப் பக்கத்தில் இருந்த அந்த இருவரும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் தாரணிக்கு ஏழாம் மாதம். டப்ளினிலேயே வளைகாப்பு வைத்துக்கொண்டாள். செல்லக்கனிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, போக வழியில்லை. பிறந்த வீட்டு ஆளாக மகேஷாவது வந்து நிற்கட்டும் என்று தாரணி மூன்று மாதம் முன்பே சொல்லிவைத்தாள். அவனும், "மியூனிக்லேர்ந்து டப்ளின் என்னக்கா, தாம்பரம் மாதிரி" என்றான். வளைகாப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது, "லீவு கிடைக்கலக்கா" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது.

தாரணி அழவில்லை. வேலை என்றால் அப்படித்தான் என்று கிஷோரிடம் சொன்னாள். சடங்கு முடிந்து கை நிறைய வளையலோடு உட்கார்ந்து கைபேசியைத் திறந்தால், மகேஷின் நண்பன் ஒருவன் அன்று மதியம் எடுத்த படத்தைப் போட்டிருக்கிறான். பார்சிலோனா கடற்கரை. பின்னால் கடல். முன்னால் தட்டு நிறைய இறால். இறாலுக்கும் கடலுக்கும் நடுவில் வாய் கொள்ளாத சிரிப்போடு மகேஷ்.

"நம்ம குடும்பம்" என்ற வாட்ஸப் குழுவிலிருந்து தாரணி அன்றைக்கே வெளியேறினாள்.*

அதன் பிறகு அந்த வீட்டில் இரண்டு குழுக்கள். ஒன்று, "நம்ம குடும்பம்". இன்னொன்று, "நம்ம குடும்பம் 2". வைரவன் தினமும் காலையில் ஒரே முருகன் படத்தை இரண்டிலும் போடுவார். யாருக்கும் வஞ்சனை கிடையாது.

குழந்தை பிறந்தது. மகிழினி என்று பெயர் வைத்தார்கள். டப்ளின் பள்ளிக்கூடத்தில் 'ழி' வரை யாரும் போய்ச் சேராததால் அங்கே அவள் மேகி. அவளுக்கு இப்போது ஐந்தரை வயது, இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாரணி, "அவனா கேட்டு வரட்டும்" என்றாள். மகேஷ், "அவ முறையா கூப்பிடட்டும்" என்றான். செல்லக்கனி வீடியோவில் பேத்தியின் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். "அந்தப் பக்கம் திரும்பு கண்ணு… இந்தப் பக்கம்" என்று இரண்டு வெறுங்காதுகளையும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவாள்.

* இதற்காகவா ஆறு வருடம் என்று கேட்கிறீர்கள். உங்கள் வீட்டில் எதற்காக என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்.

4

இந்த வருடம் மே மாதத்துக்கு மகேஷ் அப்பாவையும் அம்மாவையும் மியூனிக்குக் கூப்பிட்டான். விசா வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வைரவன் ஒருநாள் கடையில் ஆள் இல்லாத நேரம் கைபேசியை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "மியூனிக் டப்ளின் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். கைபேசி என் பக்கத்தைக் கொண்டுவந்து நீட்டியது.

அந்த எட்டுச் சொல்லைப் படித்தபோது அவருக்குக் கண் கலங்கியதாம். என் எழுத்தைப் படித்து ஒருவர் கண் கலங்கியது அதுதான் முதல் தடவை.

பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இரண்டு பிரதி எடுத்தார். ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டினார். இன்னொன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாண்டி பஜாரில் மாடியில் இருந்த பயண ஏற்பாட்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கே அஸ்வினி என்ற பெண், காதில் மாட்டிய ஒலிவாங்கியோடு உட்கார்ந்திருந்தாள்.

"மே பத்தாந்தேதி மியூனிக் போறோம்மா. அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழம டப்ளினுக்கு மூணு டிக்கெட்டு போடு. நான், வீட்டுக்காரி, மவன். காலைல போயிட்டுச் சாயங்காலம் வந்துருவோம்."

"சார், உங்ககிட்ட இருக்கறது ஷெங்கன் விசாதானே?"

"ஆமா. ஐரோப்பா விசா."

"அயர்லாந்து அதுல வராது சார். அதுக்குத் தனியா எடுக்கணும்."

வைரவன் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து மேஜைமேல் விரித்து நீவினார். "இதுல அப்படி ஒண்ணும் போடலியேம்மா."

அஸ்வினி படித்தாள். "யாரு சார் இத எழுதினது? ஏதோ பஸ்ல போயிட்டு வர்ற மாதிரி போட்டிருக்காங்க. இவங்க அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டாங்க."

(இந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசையும் இல்லை.)

"சரி, எங்க ரெண்டு பேரையும் விடு. மவன் மட்டுமாவது போவாம்லா? அவன் அங்கனயே இருக்கான்."

"இந்தியன் பாஸ்போர்ட்டா சார்?"

"ஆமா. ஆனா எட்டு வருசமா ஜெர்மனியில இருக்கான்."

"எத்தன வருஷம் இருந்தாலும் அந்த பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும் சார். ஜெர்மனி கார்ட வெச்சு அங்க உள்ள போக முடியாது."

வைரவன் தாளை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கீழே நடைபாதையில் பூக்கட்டுகிற அம்மாவுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அவர் காதில் ஆறு வருடமாக விழுந்த சொல் லீவு. லீவு, லீவு, லீவு. ஒரு தடவைகூட விசா என்ற சொல் விழவில்லை. அந்த லீவை இப்போது திருப்பிப் பார்த்தபோது, கடை விளக்கில் ஒரு நிறமும் வெயிலில் ஒரு நிறமும் காட்டுகிற துணியைப் போல— மன்னியுங்கள், மறுபடி வந்துவிட்டது. தட்டிவிட்டேன்.

சந்தேகம் வந்தது. அவ்வளவுதான்.

5

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வைரவன் மகேஷைக் கூப்பிட்டார். அங்கே காலை. அவன் ஏதோ கொறித்துக்கொண்டிருந்தான்.

"மகேஷு, நீ டப்ளின் போவணும்னா விசா வேணுமால?"

கொறிக்கும் சத்தம் நின்றது. "ஆமாப்பா. ஏன்?"

"அப்போ அன்னைக்கு வளைகாப்புக்கு வாங்கியிருந்தியா?"

தட்டை நகர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது.

"கேக்கேம்லா?"

"அப்ளை பண்ணேம்ப்பா."

"கெடச்சுதா?"

"இல்லப்பா. ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

செல்லக்கனி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வைரவன் எழுந்து பால்கனிக்குப் போனார். "ஏம்ல?"

"ஆபீஸ்லேர்ந்து ஒரு லெட்டர் வாங்கி வெக்கணும். அக்கா மூணு தடவ ஃபோன் பண்ணிச் சொன்னா. லெட்டர் வெச்சியா, லெட்டர் வெச்சியான்னு. எனக்குத் தெரியும், நீ உன் வேலையப் பாருன்னு கத்திட்டேன். வெக்கல. மறந்துட்டேன்."

"அதச் சொன்னா என்ன?"

"எப்படிப்பா சொல்றது? சின்ன வயசுலேர்ந்து அதுதானே. டிபன்பாக்ஸ மறந்தா அவ கொண்டுவருவா. ஹால் டிக்கெட்ட மறந்தா அவ கொண்டுவருவா. கொண்டுவந்து எல்லார் முன்னாடியும் ஒரு குட்டு வெச்சிட்டுப் போவா. லீவு கிடைக்கலன்னா அது ஆபீஸ் தப்பு. லெட்டர் வெக்கலன்னா அது என் தப்பு."

"சரி. பார்சிலோனாவுக்கு எதுக்குல போன?"

"அன்னைக்கு வீட்ல தனியா உக்கார முடியலப்பா. அங்க போக எனக்கு விசா வேணாம்."

கீழே தெருவில் தண்ணீர் லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. வைரவனுக்குத் திட்டுவதற்கு நிறைய இருந்தது. எது முதலில் வரும் என்று பார்த்தார். வந்தது இதுதான்:

"அந்த றால் நல்லாருந்துச்சா?"

"இல்லப்பா" என்றான் மகேஷ். பிறகு, "அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்றான்.

"சொல்லல."

வைரவன் சொன்ன சொல் மாறாதவர். கைபேசியை வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போய்ச் செல்லக்கனியிடம் சொன்னார். அக்காளிடம்தானே சொல்லக் கூடாது?

6

இங்கே நான் ஒரு மாதம் நின்றுவிட்டேன். இரண்டு காரணம்.

ஒன்று, எனக்கு வேலை போய்விட்டது. தூரம்–நேரப் பக்கங்களை இப்போது இயந்திரமே எழுதுகிறதாம். நான் எழுதிய நூற்று நாற்பதையும் படித்துத்தான் அது கற்றுக்கொண்டதாம். ஆர்வத்தில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். ஹெல்சிங்கி–மால்டா. கடைசி வரி: "காலையில் கிளம்பினால் உறவினர்களைப் பார்த்துவிட்டு அன்று மாலையே வீடு திரும்பிவிடலாம்." என் நடை ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டது.

இரண்டாவது காரணம் செல்லக்கனி. என் முதல் வரைவில் அவளுக்கு மொத்தம் நான்கு வசனம். நான்கிலும் யாருக்காவது காப்பி வேண்டுமா என்றுதான் கேட்டாள். அவள்தான் இந்தக் கதையை முடித்துவைக்கப் போகிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது. வைரவன் எட்டாவது ரவிக்கைத் துணி வரை அதை என்னிடம் சொல்லவில்லை.

இன்னொருவரையும் இப்போது கொண்டுவர வேண்டியிருக்கிறது. அவரைச் சேர்க்கத்தான் யோசித்தேன். வைரவன் கடைக்கு அடுத்த கடை, லேஸும் பட்டனும் ஜரிகையும் விற்கிற பீர் முஹம்மதுவுடையது. காயல்பட்டினத்துக்காரர். முப்பத்தெட்டு வருடப் பழக்கம். தமிழ்க் கதையில் பக்கத்துக் கடையில் ஒரு முஸ்லிம் இருந்தால் அவர் தங்கமானவராக இருந்தே தீர வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. எனவே அவரை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். நல்லவேளையாக அவரைப் பற்றி விசாரித்ததில் கேரம் பலகையில் காயை முழங்கையால் நகர்த்துவார், அடுத்தவர் செய்தித்தாளில் முதல் ஆளாகக் குறுக்கெழுத்தைப் போட்டுவிடுவார், ஊரில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைப்பார் என்று தெரிந்தது. நிம்மதியாக உள்ளே விட்டேன்.

சமையலறையில் வைரவன் சொன்னதைக் கேட்டுவிட்டுச் செல்லக்கனி கையைத் துடைத்தாள். "ஒரு கடுதாசி வைக்காததுக்கா?" என்றாள். பிறகு, "நாம ஏன் அங்கன போவணும்? மியூனிக்கும் வேண்டாம், டப்ளினும் வேண்டாம். அதுவோ ரெண்டும் இங்க வரட்டும்" என்று சொல்லிவிட்டு, கைபேசியை வாங்கி இரண்டு குழுவிலும் ஒரே குரல்செய்தியைப் போட்டாள்.

"ஆவணி முதல் ஞாயித்துக்கிழம நம்ம வீட்ல வச்சு மகிழினிக்குக் காது குத்துதோம். தாரணி, பிள்ளைக்கு அப்போ லீவுதான, கூட்டிக்கிட்டு வந்திரு. தாய்மாமன் வந்தா அவன் மடியில உக்கார வைப்போம். வராட்டி பீர் அண்ணன் மடியில உக்கார வைப்போம். யாரு வந்தாலும் வராட்டாலும் காதக் குத்தியாவணும்."

மகேஷ் பதினோரு நிமிடத்தில் கூப்பிட்டான். "அம்மா, பீர் மாமா எப்படிம்மா அந்த எடத்துல உக்காருவாரு?"

"ஒங்க அக்காவுக்கு யாரு மடியில வச்சுக் குத்துனோம்னு நெனச்ச? எனக்குக் கூடப்பொறந்தவனா இருக்கான்? போயி ஆல்பத்தப் பாரு."

ஆல்பம் மேற்கு மாம்பலத்தில் இருந்தது. ஆகையால் வைரவன் படம் எடுத்து அனுப்பினார். கறுப்பு மீசையோடு இளவயதுப் பீர் முஹம்மது, மடியில் மொட்டைத் தலையோடு அலறுகிற தாரணி.

விஷயம் கேள்விப்பட்ட பீர் முஹம்மது கடைக்கு வெளியே வந்து வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டார். "என் மடி தயாரா இருக்கு வே. அவன் வந்தா எந்திரிச்சிருவேன். வரலன்னா அடுத்த தலைமுறைக்கும் நாந்தான் மாமன்."

மகேஷ் டிக்கெட் எடுத்தான்.

7

இப்போது என் பழைய தொழிலைக் கொஞ்சம் காட்டிக்கொள்கிறேன். மியூனிக்குக்கும் டப்ளினுக்கும் நடுவே 1,380 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைக் கடக்க முடியாத இருவர், சென்னைக்கு வந்து சந்திப்பதற்காக ஆளுக்கு ஒரு பக்கமாகக் கிளம்பினார்கள். இரண்டையும் கூட்டினால் பதினைந்தாயிரத்துக்கு மேல். இடையில் இருவரும் விமானம் மாறியது வளைகுடாவில் ஒரே நகரத்தில். மாறி ஏறியது ஒரே விமானத்தில். தாரணியும் மகிழினியும் பதினேழாவது வரிசை. கிஷோருக்கு லீவு கிடைக்கவில்லை, நிஜமாகவே. மகேஷ் முப்பத்தோராவது வரிசை. தூரம்: பதினோரு மீட்டர். பறக்கும் நேரம்: நான்கு மணி. ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பார்த்தது மீனம்பாக்கத்தில், பெட்டிகள் சுற்றிவரும் இடத்தில். தாரணியின் பெரிய பெட்டியை யாரோ ஒருவன் குனிந்து தூக்கி வைத்தான். "தேங்க்ஸ்" என்று நிமிர்ந்தாள். தம்பி. வாயிலிருந்து போன தேங்க்ஸைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

வெளியே வைரவன் ரங்கன் என்ற ஓட்டுநரின் வண்டியோடு நின்றார். இரண்டு பேருக்கும் ஒரே வண்டிதான். முன்னால் வைரவன். பின்னால் இரண்டு ஜன்னலுக்கும் ஆளுக்கொருவர், நடுவில் மகிழினி. அசோக் நகர்ப் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்ததில் வண்டி நகரவில்லை. மகிழினி வலது பக்கம் திரும்பி மகேஷை நெடுநேரம் ஆராய்ந்தாள்.

"நீங்கதான் எறா மாமாவா?"

வைரவன் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியிலும் பார்க்கவில்லை. தாரணி ஜன்னலுக்கு வெளியே இருந்த தகர வேலியை அப்படிக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றான் மகேஷ்.

"அம்மா உங்க ஃபோட்டோ காட்டுவாங்க. வாய்ல ஃபுல்லா எறா."

ரங்கனுக்கு ஆர்வம் தாங்கவில்லை. "எறா யாவாரமா சார்? எந்த மார்க்கெட்ல கீது கட? நம்ம வூட்ல வாரம் தவறாம வாங்குவாங்க. சிந்தாதிரிப்பேட்டைல வெல சொல்றான் பாரு, ஆள அட்ச்சிப் போட்ற மாதிரி."

"நான் கார் கம்பெனில இருக்கேங்க."

"அப்ப எறா யாரு வித்துக்கினு கீறது?"

வண்டிக்குள் ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பா, இருமலா என்று வைரவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தாரணியின் பக்கத்திலிருந்து வந்தது என்று மட்டும் சொன்னார். ஆறு வருடமாக அவள் அந்தப் படத்தைக் குழந்தைக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். திட்டுவதற்காகத்தான் காட்டியிருப்பாள். ஆனால் திட்டும்போதும் 'மாமா' என்றே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இதை வைரவன் என்னிடம் சொல்லவில்லை. பத்தாவது துணியை மடித்துத் தரும்போது, "மாமான்னு சொல்லிச்சும்மா" என்றார். மீதியை நானே எழுதிக்கொண்டேன்.

8

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவில் மகேஷ் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்கிறான், தாரணி ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள், எங்கிருந்தோ நாதஸ்வரம். படித்துவிட்டு எனக்கே விளம்பர இடைவேளை தேவைப்பட்டது.

இரண்டாவது முடிவில் மகேஷ் வரவில்லை. பீர் முஹம்மது மடியில் குழந்தை, வாசலைப் பார்த்துக்கொண்டு வைரவன். அழுத்தமான முடிவு. சிற்றிதழ்க்காரர்கள் விரும்புவார்கள். ஆனால் அவன் வந்துவிட்டானே, என்ன செய்ய?

மூன்றாவது முடிவில் தாரணிக்கு எல்லாம் முன்பே தெரியும். செல்லக்கனி சொல்லிவிட்டாள். இது நடந்திருக்கலாம். 'சொல்லாதே' என்று செல்லக்கனியிடம் யாரும் சொல்லவில்லை. வைரவனைக் கேட்டேன். "அவகிட்டப் போயி யாரும்மா கேக்கது?" என்றார்.

ஆகவே நடந்தது இது.

ஞாயிறு காலை கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. பீர் முஹம்மது எல்லோருக்கும் முன்னால் வந்து நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். "பஸ்ஸுல துண்டு போடுத மாதிரி எடம் புடிச்சு வச்சிருக்கேன்" என்றார். காது குத்த வந்த ஆசாரி கம்பியையும் ஊசியையும் ஒரு தட்டில் எடுத்து வைத்தார்.

மகேஷ் புது வேட்டியில், கையில் சீர்த் தட்டோடு வாசல்படியருகே நின்றான். தட்டில் பட்டுப்பாவாடை, பழம், வெல்லம். தாரணி குழந்தையின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். வாரி முடிந்த தலையையே மறுபடி வாரினாள். கேட்டு வர வேண்டும் என்று ஒருத்தி, கூப்பிட வேண்டும் என்று ஒருவன். எட்டடி. இதற்கு யாரும் பக்கம் எழுதியதில்லை.

வைரவன் பீரைப் பார்த்தார். பீர் செல்லக்கனியைப் பார்த்தார். செல்லக்கனி ஆசாரிக்குக் காப்பி கொண்டுவரப் போனாள்.

"அம்மா, எறா மாமா நின்னுட்டே இருக்காரு" என்றாள் மகிழினி.

தாரணி சீப்பைக் கீழே வைத்தாள். தம்பியைப் பார்க்கவில்லை, ஜமக்காளத்தைப் பார்த்தாள். "உக்காரச் சொல்லு" என்றாள் மகளிடம்.

பீர் முஹம்மது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த இடத்தில் மகேஷ் உட்கார்ந்தான். குழந்தை அவன் மடியில் ஏறிக்கொண்டது.

"வலிக்குமா மாமா?"

"வலிக்கும்" என்றான். "பொய் சொல்ல மாட்டேன்."

ஆசாரி மையால் இரண்டு காதிலும் புள்ளி வைத்தார். வைரவன் குனிந்து பார்த்து, இடது காதுப் புள்ளி ஒரு நூல் அளவு மேலே இருக்கிறது என்றார். அழித்து மறுபடி வைத்தார்கள். மறுபடி குனிந்தார். "வே, இது காது, துணி இல்ல" என்று பீர் அவரைப் பின்னுக்கு இழுத்தார். மகேஷ் குழந்தையின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். கால்களைப் பிடிக்க ஆள் வேண்டும். தாரணி முன்னால் வந்து மண்டியிட்டுப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருடத்தில் அக்காளும் தம்பியும் அவ்வளவு பக்கத்தில் வந்தது அப்போதுதான். நடுவில் ஒரு குழந்தையின் அகலம் மட்டும்.

ஊசி இறங்கியது. மகிழினி அலறியதில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. ஆசாரி ஒரு காதை முடித்துவிட்டு, "இன்னொண்ணு, அவ்வளவுதான்" என்று திரும்பினார். அந்த இடைவெளியில், தலையைப் பிடித்திருந்த மகேஷ் முன்னால் சாய்ந்து தாரணியிடம் ஏதோ சொன்னான். தாரணி நிமிர்ந்து பார்த்தாள். பதிலுக்கு ஏதோ கேட்டாள். அவன் தலையாட்டினான். அவள் ஒரு கையால் குழந்தையின் காலைப் பிடித்தபடியே இன்னொரு கையைத் தூக்கி, அவன் உச்சந்தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

வைரவன் நான்கடி தூரத்தில் நின்றார். இரண்டு வாய் அசைந்தது தெரிந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. "என்ன வே சொன்னான்?" என்று பீர் காதில் கத்தினார். வைரவன் கையை விரித்தார்.

பதினொன்றாவது துணியை எடுத்த அன்று நானும் கேட்டேன். பிள்ளைகள் ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. வைரவன் கத்தரியைத் துணியில் ஓட்டியபடியே, "அது அதுவளுக்குள்ளம்மா" என்றார். பிறகும் நின்றுகொண்டிருந்தேன். "ஃபால்ஸ் வேணுமா?" என்றார்.

லெட்டரைச் சொன்னானா, இறாலைச் சொன்னானா, வெறும் மன்னிப்பா, மூக்கு ஒழுகுகிறது துடைத்துவிடு என்றானா, எனக்குத் தெரியாது. அவள் கேட்டது என்ன, அந்தக் குட்டு ஆறு வருடக் கோபத்தின் கடைசியா, ஆறு வருடத்துக்கு முந்தைய அன்பின் தொடர்ச்சியா, அதுவும் தெரியாது. முந்நூறு சொல்லை நிரப்புவதற்காக ஒரு தடவை தெரியாததை எழுதிவிட்டேன். போதும்.

இரண்டு வரி காலியாக விட்டிருக்கிறேன்.

மகேஷ்: ……………………………………

தாரணி: ……………………………………

உங்களுக்கும் ஓர் அக்காளோ தம்பியோ எங்காவது இருப்பார்கள். என்ன சொல்லியிருப்பார்கள் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். எழுதுங்கள். கொஞ்சம் சத்தமாக எழுதுங்கள். குழந்தை அழுதுகொண்டிருக்கிறது.